எந்தக் கையில கெட்டுது, நைனா?

ரேடியோவுல அனுப்பின பாக்கெட் கெட்டுப்போச்சுன்னு அழுதுகினு வர்றவன் எவனும் தன் கையைத் தானே மோந்து பாத்ததில்ல நைனா. லினக்ஸு சரியில்லைம்பான். கார்டு டூப்ளிகேட்டும்பான். பழவேற்காட்டு உப்புக்காத்து ஆன்டெனாவைத் தின்னுட்டுதும்பான். அதுவும் பத்தலைன்னா, "ஸ்ரீஹரிகோட்டாவுல ரேடார் போடறாங்க தாத்தா, அதான்"னு அரசாங்கத்து மேலயே கேசு போடுவான். நீயும் இந்த நாலையும் வரிசை மாறாம சொல்லிட்டே. காலேஜுல நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க.

நான் பட்டாளத்துல சிக்னல்ஸ்ல இருந்துட்டு, ஊர் திரும்பி வலை கட்டி, வயசான காலத்துல ஹாம் ரேடியோ லைசென்சு எடுத்தவன். பசியாவரத்துல என் கூரை மேல நிக்கற கம்பியைப் பாத்துட்டு, "பெருசு இடி வாங்கறதுக்கு ஏற்பாடு பண்ணிக்கினு இருக்குது"ன்னு பேசிக்கறாங்க. மெத்தப் படிச்ச உனக்கு புத்தி சொல்ற தகுதி எனக்கு இல்லதான். ஆனா உன் பாக்கெட்டு போவல, என் பாக்கெட்டு போவுது. அந்த ஒரு தகுதிதான்.

உன்கிட்ட நான் கேக்கறது ஒரே கேள்வி. எந்தக் கையில கெட்டுது?

நீ தட்டற எழுத்து உன் புரோகிராம் கையிலிருந்து கெர்னல் கைக்குப் போவுது. அங்கிருந்து சீரியல் ஒயரோ, சவுண்டு கார்டோ, அந்தப் பழைய 8530 கார்டோ. அப்பால மோடம், ரேடியோ, கேபிளு, ஆன்டெனா, காத்து. எதிர்ல இருக்கறவன் வூட்டுல இதே வரிசை தலைகீழா. இத்தனை கை மாறுது. எல்லாக் கையையும் ஒரே நேரத்துல சந்தேகப்பட்டா நீ போலீசு ஆவலாம், ஹாம் ஆவ முடியாது. நேத்து ஒரே ராத்திரியில கேபிளை மாத்துனே, கெர்னலை மாத்துனே, வால்யூமைத் திருகுனே, ஆன்டெனாவை வடக்கால திருப்புனே. இப்ப கொஞ்சம் தேவலைன்னு சொல்றே. எதனால தேவலை? உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அந்த ஆன்டெனாவுக்கும் தெரியாது.

மொதல்ல கெட்டது இன்னான்னு தெரிஞ்சிக்கோ. நாம பேசறது ஏஎக்ஸ்.25. தொலைபேசிக்காரங்களோட எக்ஸ்.25 முறையை எடுத்து, ஹாம்களோட அழைப்புக்குறியை முகவரியா வெச்சு தெச்சது. ரெண்டாம் பதிப்பு 1984-ல வந்தது. ஒவ்வொரு பாக்கெட்டோட தலையிலும் வாலிலும் 01111110-னு ஒரு கொடி. நடுவுல அந்தக் கொடி தப்பித்தவறி வந்துடக்கூடாதுன்னு, அஞ்சு 1 தொடர்ந்து வந்தா அனுப்பறவன் ஒரு 0-ஐ சொருகுவான், வாங்கறவன் அதை எடுத்துடுவான். வாலுக்கு முன்னாடி 16 பிட்டுல ஒரு சரிபார்ப்புக் கணக்கு. வாங்கற மோடம் தானும் அந்தக் கணக்கைப் போட்டுப் பாக்கும். ஒரே ஒரு பிட்டு ஒதைச்சாலும் மொத்த பாக்கெட்டையும் தூக்கிக் கடாசிடும். உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காது.

இப்ப யோசி. காத்துல கெட்ட பாக்கெட்டு உன் ஸ்கிரீனுக்கு வரவே வராது. வராமப் போறதுதான் அதோட அடையாளம். ஸ்கிரீன்ல கோணல் எழுத்து ஓடுதுன்னா, அது சரிபார்ப்பைத் தாண்டின இடத்துல கெட்டது. அதாவது ஒரு வூட்டுக்குள்ள கெட்டது, உன் வூடோ அவன் வூடோ. வெறும் குப்பை அந்த 16 பிட்டு கணக்கை ஏமாத்தி உள்ளே வரணும்னா 65,536-ல ஒரு வாய்ப்பு. அந்த அதிர்ஷ்டம் உனக்கு ராத்திரிக்கு பத்து வாட்டி அடிக்குதுன்னு சொல்றே. தமிழ்நாட்டுல லாட்டரியை 2003-லயே நிறுத்திட்டாங்க; இல்லைன்னா உன் கையால ஒரு சீட்டு வாங்கியிருப்பேன்.

அதனால உன் நோவு ரெண்டுல எதுன்னு சொல்லு. பாக்கெட்டு காணாமப் போவுதா, இல்ல கோணலா வருதா? ரெண்டுக்கும் வேற வேற வைத்தியம். இதைக் கேக்காம மருந்து குடுக்கறவன் இன்டர்நெட்டுல நெறைய பேரு இருக்கான், அங்க போயிட்டுத்தான் நீ இங்க வந்திருக்கே.

கோணலா வருதுன்னா, மொதல்ல அது நெசமாவே கோணலான்னு பாரு. எடத்தைப் பாக்கெட்டுல சொல்ற ஏபிஆர்எஸ்ல மைக்-இன்னு ஒரு முறை இருக்குது. எடம் குறிக்கற எண்ணைச் சுருக்கி, அட்சரேகையை பாக்கெட்டு போற முகவரிக்குள்ளயே ஒளிச்சு வெச்சிடும். வெறுங்கண்ணால பாத்தா எலி ஓடின மாதிரி இருக்கும். நீ "கெட்டுப்போச்சு"ன்னு போட்டோ எடுத்து வெச்சிருக்கற மூணுல ரெண்டு மைக்-இ தான் கண்ணு. எவனோ ஒருத்தன் கார்ல போய்க்கினு தன் எடத்தை ஒழுங்கா சொல்லிக்கினு இருக்கான். நீ அவனுக்குப் பைத்தியம்னு சான்றிதழ் எழுதிக்கினு இருக்கே.

அடுத்தது, கதவை நீயே தொறந்து வெச்சியான்னு பாரு. சவுண்டு கார்டையே மோடமா மாத்தற டைர்வுல்ஃப்னு புரோகிராம் இருக்குதே, அதுல ஃபிக்ஸ்-பிட்ஸ்னு ஒரு அமைப்பு. கணக்கு ஒதைக்கிற பாக்கெட்டுல ஒரு பிட்டை அப்படி இப்படிப் பொரட்டிப் பாத்து, கணக்கு சேருதான்னு சோதிக்கும். ஒரு பிட்டோட நின்னா தேவலை. நீ ஆசைப்பட்டு எண்ணை ஏத்திட்டே. நெறைய பிட்டைப் பொரட்டினா, இல்லாத பாக்கெட்டுக்கும் கணக்கு சேந்துடும். அதுக்கு மேல பாஸ்-ஆல்னு வேற எழுதி வெச்சிருக்கே. அது "கணக்கு ஒதைச்சாலும் பரவால்ல, உள்ளே வா"ன்னு அர்த்தம். காவக்காரனை நீயே வூட்டுக்கு அனுப்பிட்டு, திருடன் வந்துட்டான்னு என்கிட்ட பஞ்சாயத்து வெக்கறே.

அதையும் சரி பண்ணியாச்சா? இப்ப ஒயரைப் பாரு. டிஎன்சின்னு தனி மோடம் பெட்டி வெச்சிருக்கறவங்க கம்ப்யூட்டரோட அதைக் கிஸ்ங்கற முறையில பேச விடுவாங்க. பேரைக் கேட்டு இளிக்காதே. மைக் செப்போனிஸும் ஃபில் கார்னும் 1987-ல எழுதி வெளியிட்டது, உலகமே ஓட்டுது. அதுல ஒரு சூட்சுமம் இருக்குது. சரிபார்ப்புக் கணக்கை டிஎன்சி தன்கிட்டயே வெச்சிக்கும். ஒயர்ல போவற பைட்டுக்கு எந்தக் காவலும் கெடையாது. வர்ற வழியில டிஎன்சி கணக்குப் பாத்து, கணக்கைக் கழட்டிட்டு, உடம்பை மட்டும் ஒயர்ல அனுப்பும். போற வழியில நீ அனுப்பற பைட்டை வாங்கி, அது எந்த லட்சணத்துல இருந்தாலும் அதுக்கு ஒரு கணக்குப் போட்டு முத்திரை குத்தி காத்துல விடும். அதாவது உன் ஒயர்ல ஒரு பைட்டு தொலைஞ்சா, தொலைஞ்ச பாக்கெட்டுக்கே "சுத்தம்"னு சான்றிதழ் கெடைச்சிடும். எதிர்ல இருக்கறவன் உன்னைக் கோணலாப் படிப்பான், அவன் மோடம் கணக்கு சரின்னு சாதிக்கும். ரெண்டு பேரும் சேந்து காத்தைத் திட்டுவீங்க.

பைட்டு ஏன் தொலையும்? பழைய கம்ப்யூட்டர்ல 8250, 16450 சீரியல் சிப்பு ஒரு பைட்டைத்தான் கையில பிடிக்கும். அடுத்த பைட்டு வர்றதுக்குள்ள சிபியு வந்து எடுக்கலைன்னா முன்னது போச்சு. 16550ஏ வந்த அப்பால 16 பைட்டு வரைக்கும் தாங்குச்சு. உன் மாமன் பரண்லேருந்து எறக்கிக் குடுத்த கம்ப்யூட்டர்ல எந்த சிப்புன்னு பாத்தியா? பாத்திருக்க மாட்டே. அதுக்கு எல்ஈடி லைட்டு மட்டும் ஒட்டியிருக்கே.

நீ பெருமையா தூக்கிக்கினு வந்தியே அந்த 8530 கார்டு, அதோட கதையும் கிட்டத்தட்ட அதேதான், ஆனா அங்க பாக்கெட்டு கோணலா வராது, காணாமப் போவும். ஜைலாக் 8530 சிப்பு வரவுக்கு மூணு பைட்டுதான் பிடிக்கும். 1200 பாட்ல ஒரு பைட்டுக்கு கிட்டத்தட்ட 6.7 மில்லிசெகண்டு, அதனால சிபியு சோம்பலா வந்தாலும் தப்பிச்சிக்கும். 9600-க்கு ஏத்தினா ஒரு பைட்டுக்கு ஒரு மில்லிசெகண்டு கூட இல்ல. அந்த நேரத்துல பழைய ஐடிஈ ஹார்டு டிஸ்க்கு "நான் எழுதி முடிக்கற வரைக்கும் எவனும் கதவைத் தட்டாதே"ன்னு இன்டரப்ட்டை மூடி வெச்சா, கார்டு கத்தறது யார் காதுலயும் விழாது. அந்தக் காலத்து ஆளுங்க ஹெச்டிபார்ம் மைனஸ் யு 1-னு தட்டி டிஸ்க்கோட வாயை அடக்கினாங்க. எஸ்சிசிஸ்டாட்னு தட்டு, ஓவர்ரன், அண்டர்ரன் எத்தனைன்னு காட்டும். ஓவர்ரன் ஏறிக்கினே போவுதுன்னா கம்ப்யூட்டரால ஈடு குடுக்க முடியலைன்னு அர்த்தம். கார்டோட அமைப்புக் கோப்புல கடிகார வேகம் கார்டுல இருக்கற படிகத்தோட ஒத்துப்போவுதான்னும் பாரு. 4915200 இருக்க வேண்டிய எடத்துல வேற எண்ணைப் போட்டா, பாட் வேகமே மாறிடும். ஒரு பாக்கெட்டும் உருவம் பிடிக்காது.

பேகாம் மோடத்தை சீரியல் போர்ட்டுல சொருகினவன் பண்ற தப்பு வேற ஜாதி. லினக்ஸோட வழக்கமான சீரியல் டிரைவர் அந்தப் போர்ட்டை ஏற்கெனவே பிடிச்சிக்கினு உக்காந்திருக்கும். செட்சீரியல்ல யுஆர்ட் நன்-னு குடுத்து அதை எழுப்பி அனுப்பிட்டுத்தான் பேகாம் டிரைவரை உக்கார வெக்கணும். ஒரே நாற்காலியில ரெண்டு பேரை உக்கார வெச்சுட்டு சத்தம் வருதுன்னா, வரத்தான் செய்யும்.

இன்னொண்ணு சொல்றேன், காதைக் கிட்ட குடு. இதுலதான் பெரிய பெரிய ஆளே விழுந்து எழுந்திருக்கான். டிஎன்சியை கிஸ்அட்டாச் போட்டு கெர்னலோட கோக்கறே. அனுப்பற மொதல் ரெண்டு பாக்கெட்டு கெட்டுப்போவுது, மூணாவதுலேருந்து ஒழுங்கா ஓடுது. உடனே நீ "வார்ம்-அப் ஆவுது தாத்தா"ன்னு எனக்கே பாடம் எடுத்தே. வார்ம்-அப்பும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. கெர்னல்ல இருக்கற எம்கிஸ் டிரைவரு, ஒயர்ல காவல் இல்லைங்கற குறையைத் தீர்க்க தானே ஒரு காவல் போடப் பாக்கும். மொதல் பாக்கெட்டை ஸ்மேக்ங்கற முறையில அனுப்பிப் பாக்கும், ரெண்டாவதை ஃப்ளெக்ஸ்நெட் முறையில அனுப்பிப் பாக்கும். எதிர்ல பதில் தெரிஞ்சவன் யாரும் இல்லைன்னா கையைக் கட்டிக்கினு சாதாரணமா அனுப்பும். இந்த ரெண்டு முறையும் தெரியாத டிஎன்சிக்கு மொதல் பாக்கெட்டு எட்டாம் நம்பர் சேனலுக்குப் போற மாதிரியும், அடுத்தது ரெண்டாம் நம்பர் சேனலுக்குப் போற மாதிரியும் தெரியும். உன்கிட்ட இருக்கறதே ஒரு சேனலு. கெர்னல் பதிவைப் பாத்தா "ட்ரையிங் சிஆர்சி-ஸ்மேக்"னு அதுவே வாக்குமூலம் குடுத்து வெச்சிருக்கும். கிஸ்பார்ம்ஸ்ங்கற கட்டளையில மைனஸ் சி 1-னு குடுத்தா வேலை முடிஞ்சுது. இந்த ஒரு எண்ணுக்காக நீ புது ரேடியோ வாங்க அப்பன்கிட்ட காசு கேட்டிருக்கே.

சரி, கோணல் விவகாரம் போதும். இனி காணாமப் போற பாக்கெட்டு.

1200 பாட்ல நாம அனுப்பறது ரெண்டு ராகம்: 1200 ஹெர்ட்ஸும் 2200 ஹெர்ட்ஸும். அதை ரேடியோ ஒழுங்காத் தூக்கிக்கினு போவணும். நீ இன்னா பண்றே? சத்தமா கத்தினா தூரமா போவும்னு வால்யூமை முழுசா ஏத்தறே. ரேடியோ அதுக்கு மேல விரியாதுன்னு தலையை வெட்டிடும்; ராகம் சப்பையாவும், மோடம் குழம்பும். டீவியேஷன் 3 கிலோஹெர்ட்ஸ் சுத்துவட்டாரத்துல இருந்தாப் போதும். வரவுல டைர்வுல்ஃப் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஆடியோ அளவு காட்டுது. 50 கிட்ட நிக்க வை. மைக் பூஸ்ட்டை அணை, தானா ஏத்தி எறக்கற கெயினையும் அணை. டெஸ்க்டாப்போட சவுண்டு ஏற்பாட்டை ரேடியோ கார்டு மேல கை வெக்க விடாதே. போன வாரம் உனக்கு மெயில் வந்தப்பல்லாம் "டிங்"னு ஏரி முழுக்கக் கேட்டுது. என்னான்னு கேக்கறதுக்கு வெக்கமா இருந்துது, விட்டுட்டேன்.

ரெண்டு ராகமும் சம உயரத்துல வந்து சேருதான்னும் பாக்கணும். மைக் வழியா போனா ரேடியோ மேல் ராகத்தைத் தூக்கி அனுப்பும், ஸ்பீக்கர் வழியா வாங்கினா அதே அளவுக்கு எறக்கிக் குடுக்கும். ஒரு பக்கம் மைக், மறுபக்கம் பின்னாடி இருக்கற டேட்டா போர்ட்டுன்னு கலந்தா ஒரு ராகம் நொண்டும். நொண்டினா சில பாக்கெட்டு தொலையும். எது தொலையும்னு சொல்ல முடியாது.

டிஎக்ஸ்-டிலேன்னு ஒண்ணு. ரேடியோ அனுப்ப ஆரம்பிச்சு நிதானத்துக்கு வர கொஞ்ச நேரம் ஆவும். எதிர் ரேடியோ ஸ்குவெல்ச்சைத் தொறக்கவும் நேரம் ஆவும். அதுக்கு முன்னாடி பேச ஆரம்பிச்சா பாக்கெட்டோட தலை போயிடும். 300 மில்லிசெகண்டு வழக்கமா போதும். இதுல ஒரு பொறி இருக்குது. டைர்வுல்ஃப் அமைப்புல 30-னு எழுதினா 300 மில்லிசெகண்டு, ஏன்னா அது பத்து பத்தா எண்ணும். கிஸ்பார்ம்ஸ்ல 30-னு எழுதினா வெறும் 30 மில்லிசெகண்டு, ஏன்னா அது ஒண்ணு ஒண்ணா எண்ணும். நீ அங்கேருந்து இங்க அப்படியே காப்பி அடிச்சே. பரிட்சையிலயும் இப்படித்தான் பாஸ் பண்ணியா? கையடக்க ரேடியோவுல பேட்டரி சேமிப்பு முறை இருந்தா அதையும் அணைச்சிடு. தூங்கி எழுந்து கேக்கற நேரத்துல பாக்கெட்டு பாதி கடந்திருக்கும்.

நீளத்தைக் குறை. 256 பைட்டு பாக்கெட்டு தலைவாலோட சேத்து சுமார் 2200 பிட்டு. 1200 பாட்ல காத்துல ரெண்டு நொடி கிட்ட நிக்கும். ஆயிரம் பிட்டுக்கு ஒண்ணு தப்பற லைன்னு வெச்சிக்கோ. அந்த நீளப் பாக்கெட்டுல பத்துக்கு ஒண்ணுதான் முழுசா கரை சேரும். அதே லைன்ல மொத்தம் 40 பைட்டு வர்ற குட்டிப் பாக்கெட்டு அனுப்பினா நாலுல கிட்டத்தட்ட மூணு சேரும். பேச்சைக் குறைச்சா கேக்கறாங்க. இது ரேடியோவுக்கு மட்டும் சொன்னது இல்ல.

உப்புக்காத்து மேல கேசு போட்டியே, அது முழுப் பொய்யும் இல்ல. பிஎல்-259 கனெக்டர் தண்ணிக்கு அடங்காது. அதுக்குள்ள ஈரம் பூந்தா கேபிளோட செம்புப் பின்னல் பச்சை பூத்து, சிக்னலை வழியிலயே குடிச்சிடும். கனெக்டர் மேல ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கற ரப்பர் டேப்பைச் சுத்து, வருசத்துக்கு ஒரு வாட்டி கழட்டிப் பாரு. ஆனா ஒண்ணு: உப்பு சிக்னலை எளைக்க வெக்கும், காணாம அடிக்கும். ஸ்கிரீன்ல கோணல் எழுத்து எழுதற அளவுக்கு அதுக்குப் படிப்பு இல்ல.

நீ அனுப்பறப்போ மட்டும் யுஎஸ்பி அறுந்து விழுதா? அது உன் ரேடியோ அலையே உன் கம்ப்யூட்டருக்குள்ள திரும்பிப் போறது. டம்மி லோடைப் போட்டு அனுப்பிப் பாரு. அப்ப நின்னுச்சுன்னா சந்தேகமே வேணாம். ஒயர்ல ஃபெரைட் வளையம் போடு, பவரைக் குறை, ஆன்டெனாவைத் தலைக்கு மேல கட்டிக்கினு உக்காராதே.

இவ்வளவும் சரியா இருந்தும் பாக்கெட்டு தொலையுதுன்னா, நைனா, உன் குணத்தைப் பாக்கணும்.

நம்ம பழவேற்காட்டு ஏரியில மீன் பிடிக்கறதுக்குப் பாடு முறை எதுக்கு வந்துது? யாருக்கு எந்தத் தண்ணி, எந்த நாள்னு சீட்டுப் போட்டுப் பிரிச்சுக்காம, எறாலு வர்ற எடத்துல எல்லாரும் ஒரே நேரத்துல வலை கட்டினா, எறாலும் கெடைக்காது, வலையும் மிஞ்சாது, மண்டையும் மிஞ்சாது. ரேடியோ அலைவரிசையும் ஒரே தண்ணிதான். 1971-ல ஹவாய் தீவுகளுக்கு நடுவுல நார்மன் ஆப்ராம்சன் அலோஹாநெட்னு பாக்கெட்டு ரேடியோ ஓட்டினார். பாடு கெடையாது, தோணினவன் தோணினப்ப அனுப்பலாம், மோதினா மறுபடி அனுப்பலாம். கணக்குப் போட்டாங்க: அந்த முறையில எவ்வளவு முட்டினாலும் அலைவரிசையில 18.4 சதவீதத்துக்கு மேல உருப்படியா போவாது. நேரத்தைத் துண்டு போட்டு, துண்டோட தொடக்கத்துல மட்டும் அனுப்புன்னு ஒரு ஒழுங்கு வெச்சதும் அது 36.8 ஆச்சு, சரியா ரெட்டிப்பு. ஒரு பைசா மிஷினு புதுசா வாங்கல, வெறும் முறைதான்.

ஏஎக்ஸ்.25-ல முழுப் பாடு இல்ல, அரைப் பாடு இருக்குது. மொதல்ல கேளு; எவனும் பேசலைன்னா உடனே பாயாதே, ஒரு சீட்டு எடு. கிஸ் வழக்கப்படி பெர்சிஸ்ட் 63, ஸ்லாட் 100 மில்லிசெகண்டு. 63-ன்னா 256-ல 64 பங்கு, அதாவது நாலுல ஒரு வாட்டிதான் உன் சீட்டு விழும். விழலைன்னா 100 மில்லிசெகண்டு பொறுத்து மறுபடி எடு. நீ அதை 255 வெச்சிருக்கே. எப்பவும் உன் சீட்டே விழணும். ஊர்ல பஞ்சாயத்து உன்னைக் கூப்பிடாம இருக்கறதுக்குக் காரணம் ரேடியோ லைசென்சு இல்லாத சனங்க அதிகமா இருக்கறதுதான்.

சீட்டு எடுத்தும் மோதல் வரும். பொன்னேரிப் பக்கம் ஒருத்தன், சூலூர்பேட்டைப் பக்கம் ஒருத்தன். நடுவுல நமக்கு ரெண்டு பேரும் கேக்கும், அவங்களுக்குள்ள கேக்காது. ரெண்டு பேரும் "எவனும் பேசல"ன்னு நெனச்சு ஒண்ணா அனுப்புவாங்க, நம்ம தலைக்கு மேல மோதும். வெயில் காலத்து சாயங்காலத்துல கடல் மேல காத்து அடுக்கடுக்கா நின்னா, விஎச்எஃப் அலை வளைஞ்சு வளைஞ்சு ரொம்ப தூரம் வரும். எங்கேயோ இருக்கறவனும் வந்து மோதுவான். அப்ப பண்ண வேண்டியது குட்டிப் பாக்கெட்டு, கம்மி பவரு, கொஞ்சம் பொறுமை. ரிப்பீட்டர் வழியை நீட்டி நீட்டிப் போட்டு ஒரே பாக்கெட்டை ஊரெல்லாம் எதிரொலிக்க விடாதே.

முழுப் பாடு நடக்கறதைக் கேக்கணும்னா, காட்டுப்பள்ளிக்கும் எண்ணூருக்கும் வர்ற கப்பலுங்களைக் கேளு. ஏஐஎஸ்ல கப்பல் தன் பேரு, எடம், வேகம் சொல்லிக்கினே வரும், 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ்ல. பாக்கெட்டோட உடம்பு நம்மளுதுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி: அதே 01111110 கொடி, அதே 0 சொருகல், அதே 16 பிட்டு கணக்கு. ஆனா ஒரு நிமிசத்தை 2250 துண்டா வெட்டி, ஒவ்வொரு கப்பலும் தனக்கு எந்தத் துண்டுன்னு முன்கூட்டியே சொல்லிட்டு அனுப்பும். ஒரு ஆர்டிஎல் ரேடியோ டாங்கிளை லினக்ஸ்ல சொருகிக் கேட்டா, உன் ஆன்டெனாவும் கேபிளும் குற்றவாளியா இல்லையான்னு பாதி தெரிஞ்சிடும். கப்பல் சுத்தமா வந்து, ஹாம் பாக்கெட்டு மட்டும் வரலைன்னா, கூரை மேல ஏறாதே.

மீதிப் பாதியைத் தெரிஞ்சிக்க மேல பாரு. ராக்கெட்டு விடற அன்னைக்கு நம்மைக் கடலுக்குப் போவாதேன்னு கரையில உக்கார வெக்கறாங்களே, அப்படி உக்கார வெச்ச ராக்கெட்டுல நம்ம சரக்கும் போயிருக்குது தெரியுமா? 2005 மே 5-ந்தேதி ஹாம்சாட் போச்சு, 2014 வரைக்கும் ஹாம்களோட பேச்சை வாங்கித் திருப்பிக் குடுத்துது. 2009 ஏப்ரல் 20-ந்தேதி அண்ணா பல்கலைக்கழகத்துப் பிள்ளைங்க செஞ்ச அனுசாட் போச்சு. இங்க குடுக்கற சேதியை வாங்கி வெச்சிருந்து வேற எடத்துல எறக்கற ஏற்பாடு அதுல இருந்துது. 2019 ஏப்ரல் 1-ந்தேதி பிஎஸ்எல்வி சி-45, எமிசாட்டையும் 28 வெளிநாட்டுச் செயற்கைக்கோளையும் விட்டுட்டு, தன் நாலாம் கட்டத்தைத் தூக்கிப் போடாம 485 கிலோமீட்டர்ல ஆய்வுக்கூடமா சுத்த விட்டுது. அதுல இஸ்ரோவோட ஏஐஎஸ் கருவி ஒண்ணு, ஆம்சாட் இந்தியாவோட ஏபிஆர்எஸ் பாக்கெட்டு ரிப்பீட்டர் ஒண்ணு. தேதியைப் பாத்து சிரிக்காதே, நெசமாத்தான் போச்சு. ஸ்ரீஹரிகோட்டா உன் பாக்கெட்டைக் கெடுக்குதுன்னு சொன்னியே, அவங்க பாக்கெட்டுக்கு வானத்துலயே கடை போட்டுக் குடுத்தவங்க.

இன்னைக்கும் சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் மேல போறப்ப, அதோட ஹாம் ரேடியோ பாக்கெட்டு முறையில ஓடிக்கினு இருந்தா, 145.825 மெகாஹெர்ட்ஸ்ல 1200 பாட் பாக்கெட்டு கேக்கும். ஒரு வாட்டி கடக்க பத்து நிமிசம் கிட்ட. டாப்ளர் மேலயும் கீழயும் மூணரை கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் இழுக்கும், எஃப்எம் அதைத் தாங்கிக்கும். அதைக் கேட்டு டீகோடு பண்ணு. வானத்துலேருந்து வர்றது சுத்தமா விழுதுன்னா உன் ரேடியோ, உன் சவுண்டு கார்டு, உன் லினக்ஸு மூணும் நிரபராதி. அப்பால பக்கத்து ஊர்க்காரன் பாக்கெட்டு மட்டும் விழலைன்னா, அவன் வால்யூமைப் போய்த் திருகு. அவனும் உன்னை மாதிரியே ஒரு படிச்ச ஆளாத்தான் இருப்பான்.

இனி வரிசை சொல்றேன், மனசுல வாங்கிக்கோ. கோணலா, காணாமலா? கோணல்னா கம்ப்யூட்டர் பக்கம்: மைக்-இயா, பாஸ்-ஆலா, ஸ்மேக்கா, ஓவர்ரனா. காணாமன்னா, 8530 கார்டுல ஓவர்ரன் இல்லைன்னு பாத்துட்டு, ரேடியோ பக்கம்: வால்யூமு, டிலே, நீளம், கனெக்டர், மோதல். ஒரு நேரத்துல ஒரு கையை மட்டும் சோதி. ஒண்ணை மாத்தினா நூறு பாக்கெட்டு அனுப்பி எத்தனை சேந்துதுன்னு எழுது, அப்பால அடுத்ததைத் தொடு. எழுதாம மாத்தறவன் ஆயுசு முழுக்க மாத்திக்கினே இருப்பான்.

அனுப்பறதுக்கு முன்னாடி இன்னொரு சின்ன விஷயம். உன் அமைப்புக் கோப்புல அழைப்புக்குறி இருக்கற எடத்துல இன்னும் என்-ஜீரோ-கால்னு டைர்வுல்ஃப் குடுத்த சாம்பிள் பேருதான் நிக்குது. லைசென்சு குடுக்கற டெல்லி டபிள்யூபிசிக்காரங்க பரிட்சை வெச்சு உனக்கு வியு-3 அழைப்புக்குறி குடுத்தது சட்டகம் போட்டு சுவத்துல மாட்டறதுக்கு இல்ல. உன் பேரை நீ சொல்லாம, "யாரும் எனக்குப் பதில் போட மாட்டேங்கறாங்க"ன்னு அழுதுகினு இருக்கே.

போ, மொதல்ல அந்தப் பேரைப் போடு, அப்பால அந்த வால்யூமைக் குறை. சரியாவலைன்னா எழுதின தாளோட வா, பேசலாம். சரியாச்சுன்னா இங்க வராதே. நேரா கோட்டைக்குப்பத்துக்குப் போயி, ராத்திரி பூரா கண்ணு முழிச்சு நானே கண்டுபிடிச்சேன்னு நாலு பேருகிட்ட சொல்லு. நானும் அப்படித்தான் இந்த ஊர்ல பெரிய ஆளானேன்.